படையில் செய்யும் வேலையை எந்தக் கொத்தணியில் வைப்பது?

உவர்மலை (இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எமது பாடசாலையில் தரம் 11 பிள்ளைகளுக்காகச் சுவரில் ஒட்டக்கூடிய தொழில் அட்டவணை ஒன்றை நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் தயாரித்து வருகிறோம். வேலைகளை அகரவரிசையில் அடுக்காமல், ஒன்றுக்கொன்று உறவுள்ள வேலைகளைச் சேர்த்துக் கூட்டம் கூட்டமாகக் காட்ட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இப்படிச் சேர்ந்த ஒரு கூட்டத்தைத் தொழிற் கொத்தணி என்று அழைக்கிறோம். பாடசாலைக் கொத்தணி என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருவதால் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல் உடனே விளங்குகிறது.

முதற்படியாக ஒவ்வொரு பிள்ளையிடமும் சில வெற்று அட்டைகளைக் கொடுத்து, தனக்குத் தெரிந்த வேலைகளை அட்டைக்கு ஒன்றாக எழுதச் சொன்னோம். தாதி, ஆசிரியர், மின்னியலாளர், வங்கி எழுதுவினைஞர், மேசன் என்றெல்லாம் அட்டைகள் வந்தன. ஏழெட்டு அட்டைகளில் "நேவி" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்றை எழுதிய மாணவனை அழைத்து, கடற்படைக்குள் என்ன வேலை செய்வார்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "கப்பலில் நிற்பார்கள், சேர்" என்றான். அவனுடைய வீட்டிலிருந்து கடற்படைத் தளத்தின் மதில் தெரியும். அந்த மதிலுக்குள் பற்றவைப்பவர், சமைப்பவர், களஞ்சியக் கணக்கு வைப்பவர், பல் வைத்தியர், குளிரூட்டி பழுதுபார்ப்பவர் என்று எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அவனுக்கு அவர்கள் அனைவரும் ஒரே அட்டையாகத்தான் தெரிகிறார்கள்.

எனது கேள்வி இதுதான். படை சார்ந்த வேலைகளை ஒரு தனிக் கொத்தணியாக வைப்பதா, அல்லது ஒவ்வொரு வேலையையும் அதன் சிவில் இனத்தோடு சேர்த்துவிடுவதா? உலகில் இரண்டு வழக்கமும் உண்டு. சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 2008ஆம் ஆண்டு வகைப்படுத்தலில் 10 பெருந்தொகுதிகள் உள்ளன. அவற்றில் 0 என்ற இலக்கம் ஆயுதப் படையினருக்கு உரியது. அங்கே அதிகாரி, அதிகாரமளிக்கப்படாத அதிகாரி (சார்ஜன்ட், கோப்ரல் போன்றோர்), ஏனைய நிலையினர் என்ற மூன்று பிரிவுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒருவர் பொது வைத்தியசாலையில் தாதியாக இருந்தால் 2221, படையில் தாதியாக இருந்தால் 0. விமானநிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் சிவில் உத்தியோகத்தராக இருப்பவர் 3154, அதே வேலையைச் சீருடையுடன் செய்பவர் 0.

அமெரிக்கப் பாடசாலைகளில் இரு தசாப்தங்களாகப் பயன்பட்ட 16 கொத்தணிகள் கொண்ட அமைப்பு இதற்கு நேர்மாறானது. அதில் படைக்கென்று தனிக் கொத்தணி கிடையாது. தேசியப் பாதுகாப்பு என்பது அரச நிருவாகக் கொத்தணிக்குள் ஒரு வழியாக மட்டும் இருக்கிறது. படையின் சமையற்காரரை விருந்தோம்பல் கொத்தணியிலும், படையின் பாரவூர்திச் சாரதியைப் போக்குவரத்துக் கொத்தணியிலும் தேட வேண்டும். 2024இல் அந்த அமைப்பைத் திருத்தி 14 கொத்தணிகளாக்கியிருக்கிறார்கள்.

நான் இரண்டாவது வழியின் பக்கம் சாய்கிறேன். ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த முடிவை எடுப்பது அத்தனை எளிதாக இல்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சீனன்குடா பிற்றர் எழுதியது:

சேர்த்துத்தான் வைக்க வேண்டும், ஆசிரியர் அவர்களே. இதற்கு எங்கள் குடும்பத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

என் தாத்தா பிரித்தானியர் காலத்தில் இங்குள்ள கடற்படைத் துறைமுகப் பட்டறையில் பிற்றராக, அதாவது இயந்திரப் பாகங்களை அராவிப் பொருத்துபவராக, இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டு வெளியேறியபோது அவருடைய வேலையும் போய்விட்டது. கையில் கொடுத்த கடதாசியில் இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை வேலை செய்தார், நடத்தை நன்று என்று மட்டுமே இருந்ததாம். அவர் என்ன வேலை செய்தார், எந்த இயந்திரத்தில் செய்தார், எவ்வளவு நுட்பமாகச் செய்தார் என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. வேலை தேடிப் போன இடங்களில் அவரை "நேவிக்காரன்" என்று அறிந்தார்களே தவிர, பிற்றர் என்று அறியவில்லை.

கடைசியில் ஓர் அரிசி ஆலையின் முகாமையாளர் அவரைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்து, ஒன்றில் சதுரத் துளை எடுத்து, மற்றதை அந்தத் துளைக்குள் நான்கு பக்கமும் மாற்றிமாற்றிப் போட்டாலும் பொருந்தும்படி அரத்தால் அராவச் சொன்னாராம். பிற்றர்மாருக்கு இது பழைய சோதனை. பொருத்தியதைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இடுக்கு வழியாக ஒளி கசியக் கூடாது. ஒரு பக்கத்தில் கசிந்தாலும், துண்டைத் திருப்பிப் போடும்போது மறுபக்கத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும். தாத்தா அந்தத் துண்டை வீட்டில் வைத்திருந்தார். நானும் சிறுவயதில் யன்னலோரம் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியாது.

அந்த இரும்புத் துண்டு சொன்னதை அவருடைய கடதாசி சொல்லவில்லை. உங்கள் அட்டவணை அதைச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நான் சீனன்குடாவில் ஆலைகளில் 31 வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மாவாலையில் பெயரிங் மாற்றுவதும், சீமெந்து ஆலையில் கன்வேயர் சீர்செய்வதும், கப்பலின் பம்பைக் கழற்றிப் பூட்டுவதும் ஒரே கைதான். ஆலை மாறினால் மனிதர்கள் மாறுவார்கள். ஸ்பனர் சாவி மாறாது.

மூதூர் ஆசிரியை எழுதியது:

பிற்றர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் முழுமையாகக் கரைத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணங்களை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, சீருடை என்பது வேலைக்கு மேல் போட்ட சட்டை மட்டுமன்று. ஆலையில் பற்றவைக்கும் ஒருவர் மேற்பார்வையாளரோடு ஒத்துவராவிட்டால் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு வேறிடம் போகலாம். படையில் சேர்ந்தவர் அப்படிப் போக முடியாது. சேவைக்காலத்துக்குக் கையொப்பமிட்டவர் இடையில் விலகிச் சென்றால் அது குற்றமாகிறது. எந்த ஊருக்கு அனுப்பினாலும் போக வேண்டும். பற்றவைக்கச் சேர்ந்தவரும் காவற்கடமையில் நிற்க வேண்டும், ஆயுதப் பயிற்சி பெற வேண்டும். உடற்தகுதி, உயரம், வயதெல்லை, திருமணம் பற்றிய விதிகள் எல்லாம் உண்டு. விருந்தோம்பல் கொத்தணியில் நிலாவெளி ஹோட்டல் சமையற்காரரின் அட்டைக்கு அருகே படையின் சமையற்காரருடைய அட்டையையும் ஒட்டினால், பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே தன்மையான வாழ்க்கை என்று தோன்றிவிடும். அது பிள்ளைக்கு நாம் சொல்லும் பொய்யாகிவிடும்.

இரண்டாவதை எழுதாமல் விடவும் முடியவில்லை. நமது மாவட்டத்துத் தமிழ் பேசும் வீடுகள் இந்தச் சீருடைகளை எப்படி நினைவில் வைத்திருக்கின்றன என்பது இங்கு எழுதுபவர்கள் அனைவருக்கும் தெரியும். என் வகுப்பில் ஒரு பிள்ளையின் வீட்டில் மாமாவின் படத்துக்கு மாலை தொங்குகிறது. அந்தப் பிள்ளையிடம் படையையும் ஒரு வாய்ப்பாகக் காட்டும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காட்டும் விதத்தில் மரியாதை இருக்க வேண்டும். பிள்ளை "இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லி அதே கொத்தணியிலுள்ள அடுத்த அட்டைக்குப் போகும் வழி திறந்திருக்க வேண்டும்.

உவர்மலை எழுதியது:

ஆசிரியை அவர்களே, உங்கள் பதிவை வாசித்த பின்னர் அட்டவணையில் ஒரு மாற்றம் செய்யத் தீர்மானித்திருக்கிறேன். வேலை என்ன என்பதை அட்டையின் முன்பக்கத்திலும், அது எந்த நிபந்தனைகளோடு வருகிறது என்பதைப் பின்பக்கத்திலும் எழுதலாம். முன்பக்கம் "டீசல் இயந்திரத் திருத்துநர்" என்றிருக்கும். பின்பக்கத்தில் யாரிடம் வேலை, எத்தனை ஆண்டு, இடமாற்றம் உண்டா, விலக முடியுமா, எந்த மொழியில் பயிற்சி என்ற ஐந்து விபரங்கள் இருக்கும். கொத்தணி முன்பக்கத்தை வைத்து அமையும். முடிவெடுக்கும் நேரத்தில் பிள்ளை அட்டையைத் திருப்பிப் பார்க்கும். மொழியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நமது பிள்ளைகள் பலர் வேலையை விரும்பியும், பயிற்சி தமிழில் இல்லை என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகே அறிந்து திரும்பி வந்திருக்கிறார்கள்.

இன்னொரு விடயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட இரு அமைப்புகளும் இரு வேறு கேள்விகளுக்கு விடையளிப்பவை. சர்வதேச வகைப்படுத்தல் ஒரு நாட்டில் எந்தத் தேர்ச்சி மட்டத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுப்பதற்காக ஆக்கப்பட்டது. ஆகவே அது அலுமாரியின் தட்டுகளைப் போலக் கிடையாக வெட்டுகிறது. வைத்தியர் 2ஆம் தட்டில், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் 3இல், நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர் 5இல் வருவார்கள். கொத்தணி நிலைக்குத்தாக வெட்டுகிறது. வைத்தியசாலையின் வாசலில் தள்ளுவண்டில் தள்ளுபவரிலிருந்து சத்திரசிகிச்சை நிபுணர் வரை எல்லோரும் ஒரே கொத்தணியில் இருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு, "நீ இப்போது இங்கே நிற்கிறாய், இதற்கு மேலே இன்ன படி இருக்கிறது, பக்கத்தில் இன்ன கதவு இருக்கிறது" என்று காட்டுவதற்கு இரண்டாவது வெட்டுத்தான் உதவும். கணக்கெடுப்பவருக்கு 0 என்ற இலக்கம் போதும். படையிலிருந்து விலகி வருபவருக்கு அந்த 0 எந்த வழியையும் காட்டாது.

கிண்ணியாத் துறையடி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

உவர்மலை சேர் கடைசியாக எழுதிய வரியைப் பற்றியே சொல்ல வருகிறேன். நான் வளைகுடா நாடொன்றில் ஒன்பது வருடங்கள் பராமரிப்பு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது படகு இயந்திரம் திருத்துகிறேன். அங்கே என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், நம் நாட்டு இராணுவத்தில் 22 வருட சேவையை முடித்து ஓய்வூதியத்தோடு வந்த ஒரு சிங்களச் சகோதரர். படையில் முழுக்க முழுக்க ஜெனரேட்டர்களைப் பராமரித்தவர். முகவர் அவருடைய பத்திரங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் படையணியின் பெயரும் பதவிநிலையும் இருந்தன, தொழிலின் பெயர் இல்லை. ஆகவே காவலாளி என்று எழுதி அனுப்பிவிட்டார். வாசற் கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே ஜெனரேட்டர் இரையும் சத்தத்தை வைத்தே, "இன்று ஒரு நொசில் சரியாகத் தெளிக்கவில்லை" என்று என்னிடம் சொல்வார். கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஒன்றரை வருடங்கள் காவலாளிச் சம்பளத்திலேயே இருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

இது ஒரு மனிதருடைய கதையாக மட்டும் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு, அப்போது 200,783 ஆக இருந்த இராணுவத்தின் எண்ணிக்கையை அடுத்த ஆண்டுக்குள் 135,000 ஆகவும், 2030க்குள் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவ்வளவு பேர் சிவில் வேலைச் சந்தைக்குள் வருகிறார்கள் என்றால், அவர்களில் யார் பிற்றர், யார் சமையற்காரர், யார் தொலைத்தொடர்புக்காரர் என்று பிரித்தறிய ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் காவலாளி வேலைக்கே வரிசையில் நிற்பார்கள், அந்த வேலையின் சம்பளமும் இறங்கும். நம் ஊர்ப் பிள்ளைகளும் அந்தச் சந்தையில்தான் நிற்கப் போகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கப்பல் வேலை பற்றியும் ஓர் எச்சரிக்கை. "நேவியில் இருந்தால் பிறகு மேர்ச்சன்ட் கப்பலில் ஏறலாம்" என்று நம் பக்கத்தில் பலர் சொல்வார்கள். கொத்தணியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் வணிகக் கப்பலில் ஏற 1978ஆம் ஆண்டின் கடலோடிகள் பயிற்சி மற்றும் சான்றளிப்புச் சமவாயத்தின்படி தனிச் சான்றிதழ்கள் வேண்டும். கடலில் உயிர்காத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு ஆகிய அடிப்படைப் பயிற்சிகளோடுதான் அது தொடங்குகிறது. சீடிசி எனப்படும் கடலோடியின் சேவைப் பதிவுப் புத்தகம் எடுக்க வேண்டும். இயந்திர அறையில் பதவி உயர வேண்டுமென்றால் ஏற்றுக்கொள்ளப்பட்ட கடற்சேவைக் காலமும் வேண்டும். அட்டைகள் பக்கத்தில் இருப்பதால் கதவும் திறந்திருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடாதபடி, இடையில் என்ன பத்திரம் வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், சேர்.

அன்புவழிபுரம் எழுதியது:

நான் தொழில் வழிகாட்டல் துறையில் பணியாற்றுபவள். கிண்ணியா நானா சொன்ன பத்திரம் ஒருபுறம் இருக்க, பிள்ளைகளை எப்படிக் கொத்தணிக்குள் அனுப்புவது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1968 முதல் உயர்தரப் பாடசாலைகளில் படைப்பிரிவுகளின் தொழில்சார் உளச்சார்புப் பரீட்சைத் தொகுதி ஒன்று நடத்தப்பட்டு வருகிறது. 1976 முதல் எல்லாப் படைகளும் ஆட்சேர்ப்புக்கு அதையே பயன்படுத்துகின்றன. அதில் சொல்வளம், வாசிப்பு, எண்கணித நியாயித்தல், கணித அறிவு ஆகிய நான்கின் புள்ளிகள் படையில் சேரலாமா என்பதைத் தீர்மானிக்கின்றன. இயந்திர விளக்கம், மின்னணுவியல், வாகனம் மற்றும் பட்டறை அறிவு முதலிய ஏனைய பகுதிகள் எந்த வேலைக்குப் பொருத்தம் என்பதைக் காட்டுகின்றன. பாடசாலையில் அதை எழுதும் பிள்ளை படையில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெறுபேற்றை வைத்துச் சிவில் வேலையையும் தேடலாம். அதனோடு ஒரு விருப்புப் பட்டியலையும் நிரப்புவார்கள். அது ஜோன் ஹோலண்ட் என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாட்டின் வழி வந்த ஆறு வகைகளில் அமைந்தது. கையால் செய்பவர், ஆராய்பவர், கலை படைப்பவர், மனிதருக்கு உதவுபவர், முன்னின்று நடத்துபவர், ஒழுங்காகப் பேணுபவர் என்று நான் தமிழில் சொல்வதுண்டு.

நம்மிடம் என்ன இருக்கிறது? உயர்தரப் பிரிவுதான் இருக்கிறது. உயிரியல், கணிதம், வர்த்தகம், கலை, 2013இலிருந்து தொழில்நுட்பம் என்ற பிரிவுகளையே நாம் கொத்தணிகளாக நினைத்துப் பழகிவிட்டோம். இவை பாடங்களைப் பிரிக்கின்றனவே தவிர வேலைகளைப் பிரிக்கவில்லை. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ வந்தால் கணிதப் பிரிவு, விஞ்ஞானத்துக்கு ஏ வந்தால் உயிரியல், இரண்டும் இல்லாவிட்டால் கலை என்று பெறுபேற்றுத் தாளைப் பார்த்தே பிள்ளையின் முப்பது வருட வாழ்க்கையை வீட்டார் ஒரு மாலைப்பொழுதில் முடிவுசெய்கிறார்கள். உயிரியல் பிரிவில் வைத்தியபீடம் கிடைக்காத பிள்ளை, தனக்கு முன்னால் இருந்த ஒரே கதவு மூடிவிட்டதென்று உடைந்து போகிறது. நான் பார்க்கும் கண்ணீரில் பெரும்பகுதி இதனால் வருவதுதான்.

நிலாவெளி வீதி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியது என்னைப் பற்றியதுதான். நான் உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவை எழுதியும் வெட்டுப்புள்ளிக்கு மிகக் கிட்டவாக வந்து தவறவிட்டேன். வீட்டில் மூன்றாம் தடவை எழுதச் சொல்கிறார்கள். எனக்கு வைத்தியசாலை பிடிக்கும். ஆனால் இரத்தத்தைக் கண்டால் கை நடுங்கும் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சுகாதாரக் கொத்தணிக்குள் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

அன்புவழிபுரம் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் இதைச் சொன்னதே பெரிய காரியம். நோயாளியின் உடலைத் தொட வேண்டிய வேலை, தொட வேண்டியிராத வேலை என்று அந்தக் கொத்தணியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மருந்தாளர், மருத்துவப் பதிவேடுகளைப் பேணுபவர், உணவும் போசணையும் பற்றி ஆலோசனை கூறுபவர், நீரையும் உணவையும் பரிசோதிக்கும் பொதுச் சுகாதாரப் பக்கம், வைத்தியசாலை உபகரணங்களைப் பராமரிக்கும் உயிரியல் மருத்துவப் பொறியியல் பக்கம் ஆகியவை இரண்டாவது பாதியில் வருகின்றன. இயன்மருத்துவம் தொடும் வேலைதான், ஆனால் இரத்தம் இல்லாதது. ஒவ்வொன்றுக்கும் பட்டப்படிப்பா, டிப்ளோமாவா, எங்கே ஆட்சேர்ப்பு என்பதை நாம் தனியே பேசுவோம். மூன்றாம் தடவை எழுதுவதென்றாலும், எதற்காக எழுதுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பாலையூற்று எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அமெரிக்கர்களின் 16 கொத்தணிகளை இங்கே கொண்டுவந்து சுவரில் ஒட்டுவதால் என்ன பயன்? அவற்றில் பாதிக்கு இந்த மாவட்டத்தில் வேலைகளே இல்லை. நிதிக் கொத்தணி என்று போட்டுவிட்டு அதன் கீழே பிரதான வீதியிலுள்ள வங்கிக் கிளைகளையும் அடகுக் கடைகளையும் தவிர எதை எழுதுவீர்கள்? பிள்ளைக்கு இல்லாத ஊரைக் காட்டி வழிசொல்வது போலாகிவிடும்.

உவர்மலை எழுதியது:

நியாயமான கேள்வி. நாங்களும் 16ஐ அப்படியே எடுக்கப் போவதில்லை. முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, கொத்தணிகளை நமது மண்ணிலிருந்து கட்டுகிறோம். திருகோணமலையின் வேலைகளைக் கூர்ந்து பார்த்தால் அவற்றிற் பல துறைமுகத்தைச் சுற்றியே அமைந்திருப்பது தெரிகிறது. சீனன்குடாவின் மாவாலை, சீமெந்து ஆலை, இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் கட்டத் தொடங்கி இன்று 99 எஞ்சியிருக்கும் எண்ணெய்த் தாங்கிகள், புல்மோட்டையின் கனிய மணல், மீன்பிடித் துறைகள், கடற்படையின் கடல்சார் கல்லூரி, விமானப்படைக் கல்லூரி ஆகியவற்றில் பல இங்கே வந்ததற்கு ஆழமான இந்த இயற்கைத் துறைமுகமே பெருங்காரணம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்த ஊரைத் தேடிவந்து குண்டு போட்டதற்கும் அதுவே காரணம்.

ஆகவே எங்கள் முதற் கொத்தணிக்கு "இயந்திரமும் இரும்பும்" என்று பெயர் வைத்தோம். நடுவில் டீசல் இயந்திரம் திருத்துபவரின் அட்டை. அதைச் சுற்றிப் பலநாள் படகு, ஐஸ் தொழிற்சாலை, போக்குவரத்துச் சபை டிப்போ, நெல் ஆலை, வைத்தியசாலை ஜெனரேட்டர், ஹோட்டல் ஜெனரேட்டர், துறைமுகப் பாரந்தூக்கி, கடற்படைக் கலத்தின் இயந்திர அறை, இராணுவ வாகனப் பட்டறை ஆகியவை நிற்கின்றன. ஒரே திறமைக்கு இந்த மாவட்டத்திலேயே ஒன்பது வாசல்கள். அவற்றில் இரண்டு மட்டுமே சீருடை வாசல்கள். மூதூர் ஆசிரியை சொன்ன அந்தப் பிள்ளை இந்த இரண்டையும் விட்டுவிட்டாலும் ஏழு எஞ்சியிருக்கின்றன. நிதிக்குத் தனிக் கொத்தணி வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அதை வணிகத்தோடு சேர்த்துவிட்டோம்.

இதைச் சுவரில் வைத்தபோது, முதலில் "நேவி" என்று எழுதிய அந்த மாணவன் நெடுநேரம் நின்று பார்த்தான். அவனுடைய தகப்பனார் ஐஸ் தொழிற்சாலையில் கொம்பிரசர் ஓட்டுபவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தகப்பனின் வேலையும் தான் எழுதிய அட்டையும் ஒரே கொத்தணியில் இருப்பதை அவன் எதிர்பார்க்கவில்லை.

பாலையூற்று எழுதியது:

ஒன்பது வாசல் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கொம்பிரசர் ஓட்டும் அந்தத் தகப்பனிடம் சான்றிதழ் இருக்கிறதா? இருபது வருட அனுபவம் உள்ளவர்களுக்குக்கூட ஒரு துண்டுக் கடதாசி இல்லாத ஊர் இது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த இடங்களில் கிடைத்ததைக் கழற்றிப் பூட்டிக் கற்றவர்கள் எத்தனை பேர்.

சீனன்குடா பிற்றர் எழுதியது:

தம்பி பாலையூற்று, அதற்கு வழி இருக்கிறது. நமது நாட்டின் தேசிய தொழிற்றகைமை 7 மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். வகுப்புக்கே போகாதவரும், தான் ஏற்கெனவே கற்ற வேலையைச் செய்துகாட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் அந்தச் சான்றிதழைப் பெறலாம். சான்றிதழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பெயரில் வரும். படையிலிருந்து வருபவரும் படகிலிருந்து வருபவரும் ஒரே மதிப்பீட்டின் முன்தான் நிற்க வேண்டும்.

என் மருமகன் சென்ற வருடம் இப்படி மட்டம் 4 எடுத்தான். கூடவே போயிருந்தேன். முதலில் ஒரு கோவை தயாரிக்க வேண்டும். அவன் வேலை செய்த இடங்களின் கடிதங்கள், வேலை செய்யும்போது எடுத்த படங்கள், திருத்திய இயந்திரங்களின் விபரம் எல்லாவற்றையும் அதில் சேர்த்தோம். ஒரு பட்டறை உரிமையாளர் கடிதம் தர மறுத்துவிட்டார், அதனால் இரண்டு வருட அனுபவத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று.

பிறகு செய்முறை. மதிப்பீட்டாளர் ஒரு நான்கு சிலிண்டர் இயந்திரத்தைக் காட்டி, வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொன்னார். மருமகனுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. முதலாம் சிலிண்டரை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதைக் கையால் அசைத்துப் பார்த்து, இடைவெளித் தகட்டை நுழைத்தான். தகடு தளர்வாகவும் போகக் கூடாது, இறுகவும் கூடாது, வெண்ணெயில் கத்தி இழுபடுவது போல ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். எல்லாம் சரியாகவே செய்தான். மதிப்பீட்டாளர், "ஏன் இந்த இடைவெளி விட வேண்டும்?" என்று கேட்டார். மருமகன் திகைத்துப் போனான். பதினான்கு வருடங்களாகச் செய்கிறான், ஆனால் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கொஞ்சம் பொறுத்து, "சூடேறினால் இரும்பு நீளும், இடமில்லாவிட்டால் வால்வு மூடாது" என்றான். மதிப்பீட்டாளர் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஆகவே உவர்மலை ஆசிரியரிடம் இன்னொரு வேண்டுகோள். வேலையைச் செய்யத் தெரிந்த நம்மவருக்கு அதைச் சொல்லத் தெரியாது. அட்டையில் வேலையின் பெயரோடு, அந்த வேலையில் தினமும் செய்யும் நான்கைந்து காரியங்களையும் தமிழில் எழுதுங்கள். கோவை தயாரிக்கும்போது அந்த வரிகளே உதவும்.

மூதூர் ஆசிரியை எழுதியது:

பிற்றர் ஐயாவின் கடைசி ஆலோசனையை வழிமொழிகிறேன். "சிப்பாய், 22 வருடம்" என்பதற்குப் பதிலாக "40 பேருக்கு மூன்று வேளை சமைத்தேன், களஞ்சிய இருப்பை வாரந்தோறும் சரிபார்த்தேன்" என்று எழுதியிருந்தால் ஒரு ஹோட்டல் முகாமையாளருக்கு உடனே விளங்கும். இது வீட்டிலிருக்கும் நம் பெண்களுக்கும் பொருந்தும். பத்து வருடமாகத் தையல் இயந்திரம் வைத்துப் பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒருவர், "நான் வேலை ஒன்றும் செய்வதில்லை, வீட்டில்தான்" என்று படிவத்தில் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். தையலுக்கும் மட்டம் 4 வரை சான்றிதழ் உண்டு.

எனது முதலாவது ஆட்சேபனை அட்டையின் பின்பக்கத்தால் தீர்ந்துவிட்டது. இரண்டாவது தீரவில்லை, அதை ஓர் அட்டவணை தீர்க்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இருந்தாலும் ஒன்பது வாசலில் ஏழு திறந்திருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்ட முடிவது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. எங்கள் பாடசாலைக்கும் ஒரு பிரதி வேண்டும்.

உவர்மலை எழுதியது:

கட்டாயம் தருகிறேன். இதுவரை ஐந்து கொத்தணிகள் முடிந்திருக்கின்றன: இயந்திரமும் இரும்பும், சுகாதாரம், கடலும் வயலும், விருந்தோம்பல், வணிகமும் களஞ்சியமும். கட்டடமும் மின்சாரமும் என்பதில் குளிரூட்டி திருத்துபவரை வைப்பதா, இயந்திரக் கொத்தணியில் வைப்பதா என்று எங்களுக்குள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஐஸ் தொழிற்சாலைத் தகப்பனார் வந்து, இரண்டிலும் வையுங்கள், நான் இரண்டையும்தான் செய்கிறேன் என்று சொன்னார். இரண்டிலும் வைத்துவிட்டு, நடுவில் ஒரு நூல் கட்டியிருக்கிறோம்.

கிண்ணியா நானா கேட்டுக்கொண்டபடி, கடற்படை இயந்திர அறைக்கும் வணிகக் கப்பலுக்கும் இடையில் சிவப்பு நூல் கட்டி, தேவையான பத்திரங்களை அதன் மேல் எழுதித் தொங்கவிட்டோம். அன்புவழிபுரம் அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை வந்து சுகாதாரக் கொத்தணியைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிற்றர் ஐயா, டீசல் அட்டையில் எழுத வேண்டிய ஐந்து காரியங்களையும் நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன், ஒரு பின்னேரம் ஒதுக்க முடியுமா? அந்தத் தகப்பனாரையும் அழைத்து வருகிறேன். முன்கற்றல் விண்ணப்பத்துக்கான கோவையை அவரும் தொடங்க விரும்புகிறார்.